பூட்டக்கா ஒரு நாள் திறந்த பூட்டு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. வைத்தது எக்ஸ்ரே டெக்னீஷியன். ஒருநாள் மத்தியானம் அவர் தன் மேசைக் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஒன்றை ஏற்றப் பார்த்தார். என்ன குட்டிக்கரணம் போட்டும் ஏறவில்லை. "இந்தக்கா சிஸ்டத்துக்குப் பூட்டுப் போட்டுச்சா, இல்ல நமக்கே போட்டுச்சா?" என்று கேன்டீனில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அறுபத்தெட்டு கம்ப்யூட்டர்களும் இரண்டு சர்வர்களும் அவள் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஏ.சி. எந்நேரமும் ஓடுவதால் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அப்டேட் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பதிவுப் பிரிவில் பதினோரு மெஷின்கள் படுத்துக்கொண்டன. சிஸ்டத்தில் பாதி புதுசு, பாதி பழசு. எதையும் எழுப்ப முடியவில்லை. இரண்டு நாள் நோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக உயிர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் எல்லா மெஷின்களையும், உள்ளே யாரும் கைவைத்து மாற்ற முடியாத வகை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொண்டுபோனாள். டாக்டர்களுக்கு அதை விளக்க அவள் ஒரு வசனம் வைத்திருந்தாள். "வாடகை வீடுன்னு நெனச்சுக்கங்க சார். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. உங்களுக்குன்னு ஒரு அலமாரி குடுத்திருக்கேன், அதுல என்ன வேணா வைங்க. அப்டேட் வந்தா வீட்டையே புதுசா ஒண்ணு பக்கத்துல கட்டி, ரீஸ்டார்ட் பண்றப்ப அலமாரியோட அங்க தூக்கி வெச்சிடும். புது வீடு சரியில்லையா, பழைய வீட்டுக்கே திரும்பிடலாம். பாதி வெந்தது, பாதி வேகாததுங்கற பேச்சே கிடையாது." சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு மெஷின்கூடப் படுக்கவில்லை.

பேக்கப் விஷயத்தில் அவள் இன்னும் கறார். வெள்ளிக்கிழமைதோறும் பிரதி எடுப்பதோடு விடமாட்டாள். எடுத்ததில் பத்துக் கோப்புகளைத் திறந்து தன் கண்ணால் பார்த்தால்தான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கிளம்புவாள்.

வீட்டில் அண்ணன், அண்ணி, அவள். மூன்று பேர்தான். அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்கு இருபத்தொன்று. படிப்பை விட்டுவிட்டு வண்டி ஓட்டப் போனவர் அவளைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால் அவள், "அதுக்கு அட்மின் பாஸ்வேர்டு வேணும். அது என்கிட்ட இருக்கு, தர மாட்டேன்" என்பாள். நாற்பத்து நாலு வயதாகிவிட்டது. இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் இருபத்தேழு வருஷம் கார் கற்றுக்கொடுத்தவர். அவர் வாயை ஊரே அறியும். சிக்னலில் நிற்கும் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் திட்டுவதைக் கேட்பார்கள். "கிளட்ச்ச மெதுவா விடும்மா, அது ஒண்ணும் உன் மாமியார் இல்ல!" "சார், அது பிரேக்கு. அழுத்தினா அழாது, அழுத்துங்க!" திட்டு வாங்கியவர்களே லைசென்ஸ் வாங்கியதும் அவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன வருஷம் ஒரு மாணவியின் அப்பா புகார் கொடுத்தார்: மாஸ்டர் காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார், நாக்கு குழறுகிறது என்று. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். முதலாளி தயங்கித் தயங்கி ஊதச் சொன்னார், ஊதினார், ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பேச்சிலும் 'ர' சரியாக விழவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

நரம்பு நோய். முதலில் நாக்கு, அப்புறம் தொண்டை, கடைசியில் கைகால். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பேச்சு இன்னும் மூணு மாசம், நாலு மாசம். அதுக்குள்ள குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கங்க" என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் ஒரு மென்பொருளைக் காட்டினாள். நோயாளி ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். அதைக் கொண்டு அது ஒரு குரலைச் செய்து கொடுக்கும். பிற்பாடு அவர் எதைத் தட்டினாலும் அவர் குரலிலேயே பேசும். பதிவு எதுவும் வெளியே போகாது, வீட்டு மெஷினுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கடைசி வாக்கியம் பூட்டக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மெஷின் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "மேடம், இந்த சாஃப்ட்வேர் சாதா சிஸ்டத்துலதான் நல்லா ஓடும்" என்றார். அண்ணியும், "எல்லாரும் வெச்சிருக்கறதே போதாதாம்மா?" என்றாள்.

"சாதா சிஸ்டம், அண்ணன் பேசிட்டிருக்கறப்ப 'அப்டேட் ஆகுது, அணைக்காதீங்க'ன்னு அரை மணி நேரம் சுத்திட்டு நிக்கும் அண்ணி. அப்ப அவரு என்ன பண்ணுவாரு? மூச்சு முட்டுதுன்னு சொல்லணும்னா யாருகிட்ட சொல்லுவாரு? மெஷின்தான் இனிமே அவரு வாய். வாய் படுத்துக்கக் கூடாது."

முடிவு சரியானதுதான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வாயாக இருக்கப்போகிற மெஷினுக்கு மாற்ற முடியாத சிஸ்டத்தைவிட நல்லது கிடையாது. மெஷின் டிஸ்க்குக்கும் என்க்ரிப்ஷன் என்கிற ரகசியப் பூட்டுப் போட்டாள். அண்ணன் குரலை எவனும் திருடக் கூடாதே.

ஏற்ற உட்கார்ந்தபோதுதான் சிக்கல். அந்த மென்பொருள் பழைய காலத்து ஆசாமி. சுவரில் ஆணி அடித்தால்தான் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்தது. சிஸ்டத்தின் பூட்டிய பகுதியில்தான் எழுதுவேன் என்றது. இதற்கு முறையான வழி உண்டு: தனியாக ஒரு பெட்டி மாதிரி கட்டி, அதற்குள் மென்பொருளைக் குடிவைப்பது. அவள் கட்டினாள். பெட்டிக்குள் மைக் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் போராடினாள். பக்கத்து நாற்காலியில் அண்ணன் முதல் வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் நன்றாக இருந்த நாக்கு பொழுது ஏற ஏறத் தடித்துக்கொண்டே போனது.

"என்ன பூட்டு, உன் பூட்டே உனக்குத் தொறக்கலையா?" என்றார். அந்தப் 'பூட்டு' கொஞ்சம் வழுக்கியது.

அது அவளை என்னமோ செய்தது. ஒரே ஒரு வரி கட்டளை தட்டினாள். ஆஸ்பத்திரியில் யார் கெஞ்சியும் ஆறு வருஷமாக அவள் தட்டாத வரி. சிஸ்டத்தின் பூட்டு திறந்தது. திரையில் எச்சரிக்கை வந்தது: இந்தத் திறப்பு தற்காலிகமானது, மறுபடி இயக்கும்போது இங்கே எழுதியதெல்லாம் நீக்கப்படும். அவள் அதை முழுசாகப் படித்தாள். போனால் மென்பொருள்தானே போகும், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், பதிவெல்லாம் எப்படியும் அண்ணன் அலமாரியில்தானே இருக்கும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முறையாகச் செய்துவிடலாம். பத்து நிமிஷத்தில் அண்ணன் பதிவைத் தொடங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி சர்வரில் தகராறு. அடுத்த ஞாயிறு அண்ணனுக்குத் தண்ணீர் புரையேறி, அவசரப் பிரிவில் ஒரு நாள் கிடக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு நினைவில்லை. மெஷினை யாரும் அணைக்கவில்லை. மூடினால் தூங்கும், திறந்தால் எழும்பும். எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுவதை யார் நோண்டுவார்கள்?

அண்ணன் தினமும் காலை ஏழிலிருந்து எட்டுவரை உள்ளறையில் உட்காருவார். சத்தம் வரக்கூடாது என்று ஜன்னலில் கம்பளி தொங்கும், மின்விசிறி நிற்கும், வேர்வை ஊற்றும். "எனக்குத் தண்ணீர் வேண்டும். தயவுசெய்து விளக்கை அணைக்கவும். இன்று வானிலை இனிமையாக உள்ளது." நாலாம் நாளே அவருக்குப் பொறுக்கவில்லை. "எவன்மா இப்படிப் பேசறான்? எழுதுனவன் வீட்ல வாயே தொறக்க மாட்டானோ?" என்றார். கொடுத்ததைப் படித்து முடித்தபின் தினமும் பத்துப் பதினைந்து சொந்தமாகச் சேர்த்தார். கிளட்ச், பிரேக் வசனங்கள் அத்தனையும் போயின. "காப்பில சக்கரை போட்டியா, இல்ல டப்பாவ மட்டும் காட்டினியா?" அதுவும் போனது. அண்ணி சமையலறையில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்புறம் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பூட்டக்கா மட்டும் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் இருக்க மாட்டாள். பால் வாங்க, நடக்க என்று எதையாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தன்னைத் தூக்கி வளர்த்த குரல் நாளுக்கு நாள் கரைவதைக் காது கொடுத்துக் கேட்க அவளால் முடியவில்லை. ஞாயிறுதோறும் அண்ணனின் அலமாரியை மட்டும் தவறாமல் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். பச்சை டிக் விழும். "பேக்கப் ஆச்சுண்ணே" என்பாள். அவர் கட்டை விரலைக் காட்டுவார். பதினாலு வாரம். ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் ஒன்றையாவது ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் உடைந்துபோவோம் என்று பயம். ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவள் தன் வீட்டில் கோட்டை விட்டாள்.

ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்றாவது வாக்கியத்தோடு அண்ணன் நிறுத்தினார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இரண்டு வாரத்தில் குரல் முழுசாக நின்று, காற்று மட்டும் வந்தது. கழுத்தில் ஒரு சின்னப் பலகையை மாட்டிக்கொண்டு எழுதிக் காட்டத் தொடங்கினார். இனி மிச்சம் ஒன்றுதான்: மென்பொருளில் 'குரலை உருவாக்கு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஏழெட்டு மணி நேரம் ஓடும். அந்தச் சனிக்கிழமையை அதற்கென்று குறித்திருந்தார்கள். ராப்பகலாகக் கூடவே இருந்த அண்ணி அன்று காலைதான் முதல்முறையாகத் தன் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் கிளம்பினாள். "நான் வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சிடும்மா" என்றாள். பலகையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அலுத்துவிட்டது.

பதினொரு மணிக்குப் பூட்டக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பெரிய வேலைக்கு முன்னால் அப்டேட் போட்டுக்கொள்வது அவள் ஆஸ்பத்திரிப் பழக்கம். கை தன்னால் போனது. புது வீடு பக்கத்தில் தயாராக நின்றது. ரீஸ்டார்ட் அழுத்தினாள். நாற்பது விநாடி. மெஷின் புத்தம் புதுசாக எழும்பியது.

மென்பொருளின் படம் அந்த இடத்தில் இல்லை.

ஒரு கணம் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் அந்த எச்சரிக்கை வரி ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகத்துக்கு வந்தது. 'இரு, இரு, மென்பொருள்தானே போச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். திரை அளவு, ஒலி அளவு, மைக்கின் பெயர் என்று நாலைந்து அமைப்புக் கோப்புகள். குரல் ஒன்றுகூட இல்லை. டிஸ்க்கை மாட்டினாள். பதினாலு வாரமும் அதே நாலைந்து கோப்புகளின் பிரதிதான். அந்தப் பழைய காலத்து ஆசாமி பதிவுகளைத் தன் பக்கத்திலேயே, பூட்டிய பகுதிக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். சிஸ்டம் எழும்பும்போதே அந்த இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டது. பழைய வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் பளிச்சென்று இருந்தது. சொன்ன சொல்லை மெஷின் காப்பாற்றியிருந்தது.

அழிந்ததை மீட்டுக் கொடுக்கும் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டாள்.

"எஸ்.எஸ்.டி.யாக்கா?"

"ஆமா."

"என்க்ரிப்ட் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணியிருக்கேன்."

"உங்களுக்கே தெரியுமேக்கா" என்றார்.

தெரியும். அந்த வகை டிஸ்க்கில், அதுவும் ரகசியப் பூட்டுப் போட்டதில், அழிந்தது அழிந்ததுதான். பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கும் போன் போட்டாள். வீட்டில் வேறு என்ன குரல் இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். அண்ணன் அண்ணிக்கு அனுப்பியதில், பூட்டக்கா எப்போதோ தன் போனுக்கு வாங்கிவைத்த நாலு குரல் செய்திகள் இருந்தன. 'லேட்டாகும்', 'கதவத் தொற', 'சாப்ட்டாச்சு', 'ம்'. எல்லாம் நாக்கு குழறத் தொடங்கிய பிறகு பேசியவை. "பத்தாதுங்க" என்றாள் அந்தப் பெண்.

அண்ணன் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பூட்டக்கா போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, போச்சுண்ணே. நான்தான். என்னாலதான்."

அவர் பலகையில் எழுதினார்: எது?

"உன் குரல்."

பேக்கப்?

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அண்ணன் அவளையே பார்த்தார். பலகையைக் கழுத்திலிருந்து பிடுங்கிச் சுவரில் எறிந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை இல்லை. திட்டுவதற்கென்றே பிறந்த மனுஷன், திட்ட வேண்டிய நேரத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் அடித்திருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். அடிக்கவும் இல்லை. அவளே பலகையைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு மூலை உடைந்திருந்தது.

ஒரு தடவைகூட நீ கேட்டுப் பாக்கலையா?

"பயமா இருந்துச்சுண்ணே. கேட்டா தாங்க மாட்டேன்னு."

அவர் அதைத் துடைத்தார். பிறகு எழுதினார்: அவகிட்ட நீ சொல்லாத. நான் சொல்றேன்.

எப்படிச் சொல்வார் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்தத் தனிப் பெட்டியை முறையாகக் கட்டினாள். மைக்குக்கு ஒரே ஓர் அனுமதி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். மொத்தம் நாற்பது நிமிஷம். பதினாலு வாரம் தள்ளிப்போட்ட வேலை நாற்பது நிமிஷத்தில் முடிந்தபோது, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மென்பொருளோடு கம்பெனிக்காரன் கொடுத்த ஒரு குரல் இருந்தது. யாரோ ஓர் இளைஞன்; செய்தி வாசிப்பவன் போல நிறுத்தி நிதானமாக, யார் மேலும் கோபமே இல்லாமல் பேசினான். வேறு வழியில்லை. அதையே வைத்தாள். பதிவுகள் எங்கே போய் உட்காருகின்றன என்று இந்த முறை மூன்று தடவை பார்த்தாள். உட்காருவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி திரும்பினாள். பூட்டக்கா லீவு போட்டிருந்தாள். ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டதுமே அண்ணன் உள்ளறையில் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவருக்கு இப்போது வலது கையில் இரண்டு விரல்தான் சொன்னபடி கேட்டன. மெதுவாகத் தட்டினார். பூட்டக்கா கதவைத் திறந்தாள். அண்ணி பையை வாசலில் வைத்து, குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகம் இரண்டு நாளில் கொஞ்சம் தெளிந்திருந்தது. அப்போது உள்ளறையிலிருந்து அந்த இளைஞன் நிதானமாகச் சொன்னான்:

"உள்ளே வா. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்."

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். கலைந்த தலைமுடியை அவசரமாக ஒதுக்கிவிட்டுக்கொண்டு, உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"யாரும்மா வந்திருக்காங்க?"

பூட்டக்கா வாசலில் இருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"யாரும் வரல அண்ணி. அண்ணன்தான் பேசறாரு."